பொதுப்பணமும் பொதுக் கணக்கும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுதுவதென்றால் ஒரு குறளை மேற்கோள் காட்டித் தொடங்குவது நம் வழக்கம். ஊழலைப் பற்றிய கட்டுரை என்றால் கேட்கவே வேண்டாம். 'புற்றுநோய்' என்ற உவமை இரண்டாவது வரியிலேயே வந்துவிடும். நோயின் பெயரை நாம் ஆண்டுதோறும் தவறாமல் சொல்கிறோம். அது எந்த வழியாக உடம்பில் நுழைகிறது, எந்த மருந்து எதுவரை வேலை செய்கிறது என்று யாரும் எழுதக் காணோம். ஆகவே இம்முறை குறளை விட்டுவிட்டு, எங்கள் ஊர் ரேஷன் கடையில் தொடங்குகிறேன். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவுக்கு இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிப்டு வேலை. சத்திரப்பட்டிப் பக்கம் நெய்யும் பேண்டேஜ் துணியை மடித்துக் கட்டும் வேலைக்கு அம்மா போகிறாள். அந்த வேலையில் அரை நாள் போகவில்லை என்றால் அரை நாள் கூலி போயிற்று. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் நேரமும் எங்கள் வீட்டில் பணம்தான் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தமிழ்நாட்டில் பழைய குடும்ப அட்டைக்குப் பதிலாக ஸ்மார்ட் கார்டு கொடுக்கத் தொடங்கினார்கள். கையால் எழுதிய பில் போய், கடையில் ஒரு சிறு இயந்திரம் வந்தது. பில் போட்டவுடன் அட்டைதாரரின் கைபேசிக்கு, இன்னின்ன பொருள் இவ்வளவு வழங்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வரும். அம்மா அந்தச் செய்திகளைப் பெரும்பாலும் திறந்து பார்ப்பதில்லை. நான் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் மாலை வந்த செய்தியை, பொழுது போகாமல், நான் திறந்து படித்தேன். துவரம் பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர் எங்களுக்கு வழங்கப்பட்டதாக அது சொன்னது. அந்த மாதம் அம்மா இருமுறை கடைக்குப் போய், "பருப்பு, எண்ணெய் இன்னும் வரலை, அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலோடு திரும்பியிருந்தாள்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சண்டை போடப் போகிறாள் என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். அவள் அமைதியாக வரிசையில் நின்றாள். எங்கள் முறை வந்ததும் கைபேசியை என் கையில் கொடுத்து, "சத்தமாப் படிடா" என்றாள். படித்தேன்.

"மிசின் தப்பாக் காட்டியிருக்கும்க்கா" என்றார் விற்பனையாளர்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கிழவி தன் கைபேசியை நீட்டி, "எனக்கும் ஒண்ணு வந்துச்சு, அது என்னன்னு பாருய்யா" என்றாள். அதையும் படித்தேன். பிறகு ஐந்தாறு கைபேசிகள் என் முன் நீண்டன. மூன்றில் அதே பருப்பு, அதே பாமாயில். அடுத்த திங்கட்கிழமை எல்லோருக்கும் பொருள் கிடைத்தது. மனுப் போடவில்லை, விசாரணை நடக்கவில்லை, யாரும் தற்காலிக வேலைநீக்கம் ஆகவில்லை.

அன்றிரவு இதைப் பெருமையாகச் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "அந்த ஆளை மட்டும் சொல்லாதே. கிடங்கிலேருந்து வர்ற மூட்டையிலயே எடை குறையுதுங்கறாங்க. குறையறதை அவன் கைக்காசிலயா போடுவான்?" என்றார். இந்தக் குறையை ரேஷன் கடை ஊழியர் சங்கங்கள் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றன என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கடையில் பில் போட்டால் அம்மாவுக்குச் செய்தி வருகிறது. கிடங்கில் மூட்டை எடை குறைந்தால் யாருக்குச் செய்தி வருகிறது? பொருளியல் பாடத்தை நான் எடுத்ததற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

நாம் 'ஊழல்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு காரியங்களைக் கட்டி வைத்திருக்கிறோம். ஒன்று இலஞ்சம்; மற்றொன்று பொதுப்பணத்தைக் கையாடுவது. இலஞ்சத்தில், கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் வயிறு எரிகிறது. மனம் வைத்தால் புகார் கொடுக்கலாம். பொதுப்பணம் கையாடப்படும்போது பறிகொடுத்தவர் எல்லோரும்தான். எல்லோரும் என்றால் நடைமுறையில் யாருமில்லை. கண்மாயில் ஓரடி மண் குறைவாக வெட்டப்பட்டதற்காக எந்த ஒரு மனிதனும், "என் பையிலிருந்து போயிற்று" என்று காவல் நிலையத்துக்குப் போவதில்லை. அரசு கொண்டுவந்த சீர்திருத்தங்களைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், எது எதற்கு மருந்து என்பது ஓரளவு தெளியும்.

இலஞ்சத்துக்கான மருந்து தண்டனைச் சட்டம். 1947இல் ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல், லால் பகதூர் சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது, ஊழலை ஒழிக்கும் வழிகளை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம்; விடுதலைப் போராட்ட வீரர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். அக்குழுவின் பரிந்துரைப்படியே 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. அதே ஆண்டில் நம் மாநிலத்திலும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் அமைந்தது. 'லஞ்ச ஒழிப்பு' என்று நாம் பேச்சு வழக்கில் சொல்வது இதைத்தான். 1988இல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது. 2018இல் அதைத் திருத்தி, இலஞ்சம் கொடுப்பதையும் நேரடிக் குற்றமாக்கினார்கள். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்கு விலக்கு உண்டு. அதே திருத்தம், அதிகாரிகள் எடுத்த முடிவுகள் பற்றி விசாரணை தொடங்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. நேர்மையான அதிகாரி அஞ்சாமல் முடிவெடுக்க இது தேவை என்பது ஒரு வாதம். திருடனுக்கு முன்கூட்டியே தகவல் போகிறது என்பது மறுவாதம். வாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது.

'ரசாயனப் பொடி தடவிய நோட்டு' என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்தப் பொடி வேறொன்றுமில்லை. நம் வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் பினாப்தலீன்தான். புகார் கொடுத்தவரின் நோட்டுகளில் எண்களைக் குறித்துக்கொண்டு பொடியைத் தடவுகிறார்கள். வேறு அரசு அலுவலகங்களைச் சேர்ந்த ஊழியர்கள் சாட்சியாக உடன் போகிறார்கள். பணம் கை மாறியதும், வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கச் சொல்கிறார்கள். கரைசல் இளஞ்சிவப்பாக மாறினால் அது சாட்சி. பட்டா மாறுதலுக்கும் மின் இணைப்புக்கும் கை நீட்டியவர்கள் இப்படித்தான் பிடிபடுகிறார்கள். சிறந்த முறைதான். ஆனால் கரைசலில் நனைக்க ஒரு கை வேண்டும். வெட்டாத கண்மாய்க்கு எழுதப்பட்ட பில்லில் எந்தக் கையை நனைப்பது?

(பெரிய அரசியல் வழக்குகளை நான் இங்கே தொடவில்லை. அவை பஸ் நிலையத்து டீக்கடைகளில் தினமும் விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் வழங்கப்பட்டு வருகின்றன.)

பொதுப்பணத்துக்குத் தணிக்கை என்ற வேறு மருந்து உண்டு. சி.ஏ.ஜி. என்று சுருக்கிச் சொல்லப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரிக்கு நம் அரசியல் சட்டம் தனி இடம் தந்திருக்கிறது. அவர் அறிக்கை பாராளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வைக்கப்படுகிறது. பொதுக் கணக்குக் குழு அதை ஆராய்கிறது. பாராளுமன்றத்தில் 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவரையே அக்குழுவுக்குத் தலைவராக்கும் மரபும் இருக்கிறது. பஞ்சாயத்து, நகராட்சிக் கணக்குகளுக்கு உள்ளாட்சி நிதித் தணிக்கை உண்டு. இவர்கள் கண்டுபிடிப்பவை குறைவல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது. தணிக்கையாளர் ரசீதைப் பார்க்கிறார். கண்மாயைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அவர் வரும்போது வேலை முடிந்து ஓரிரு மழைக்காலமும் முடிந்திருக்கும். அவர் எழுதும் அறிக்கை சென்னைக்குப் போகிறது. கண்மாய்க் கரையில் குடியிருப்பவனுக்கு அப்படி ஓர் அறிக்கை இருப்பதே தெரியாது.

கணக்கை நாலு பேர் முன்னிலையில் விசாரித்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சுதந்திர இந்தியாவின் தொடக்கக் காலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1956இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசியமயமானது. மறு ஆண்டே, அந்த நிறுவனத்தின் பணத்தில், அதாவது பாலிசி எடுத்த சாமானியர்களின் சேமிப்பில், சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு முந்த்ரா என்பவரின் கம்பெனிப் பங்குகள் வாங்கப்பட்டன. பாராளுமன்றத்தில் பெரோஸ் காந்தி இதைக் கிளப்பினார். விசாரித்த பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, மூடிய அறையை விரும்பவில்லை. பொதுமக்கள் முன்னிலையிலேயே விசாரணையை நடத்தினார். சில வாரங்களிலேயே வேலை முடிந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் திறமையை யாரும் சந்தேகித்ததில்லை. தனக்கென்று ஒரு காசு எடுத்தார் என்றும் யாரும் சொல்லவில்லை. பொதுப்பணம் போன வழிக்குப் பொறுப்பு அவருடையது என்பதுதான் அன்று முடிவானது. இவ்வளவு விரைவாக முடிந்த விசாரணைகளை அதற்குப் பிறகு நாம் அதிகம் பார்க்கவில்லை.

ஊரார் முன் கணக்கு என்பது நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் படித்திருக்கிறோம்: ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டார்கள், ஏரி வாரியம், பொன் வாரியம், தோட்ட வாரியம் என்று பிரித்துக்கொண்டார்கள். தேர்வுக்கு இவ்வளவும் மனப்பாடம். ஆனால் அந்தக் கல்வெட்டின் கூரிய பகுதியை நாம் சட்டென்று கடந்துவிடுகிறோம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல; அவனுடைய அப்பன், மகன், தாய்மாமன், அத்தை மகன், உடன்பிறந்தாளைக் கட்டியவன், மருமகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை நீளத்துக்குப் பட்டியலிட்டு, அவர்களில் ஒருவர் பெயரும் குடத்தில் விழக் கூடாது என்கிறது கல்வெட்டு. பினாமி என்ற சொல் தெரியாத காலத்திலேயே பினாமியை அறிந்து வைத்திருந்தார்கள்! அந்தச் சபையில் எல்லோருக்கும் இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உடைய ஆண்களின் சபை அது. உழுதவனுக்கு அங்கே ஓலை கிடையாது. ஆனாலும் விதியைக் கோயில் சுவரில், எல்லோர் கண்ணிலும் படுமாறு வெட்டி வைத்தார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

உழுதவனும் மண் சுமந்தவளும் கணக்குக் கேட்ட கதை இராஜஸ்தானில் நடந்தது. அங்கே வறட்சி நிவாரண வேலை செய்தவர்களுக்குச் சட்டம் சொன்ன கூலி கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "மஸ்டர் ரோலில் உன் வேலை அவ்வளவுதான் பதிவாகியிருக்கிறது" என்றார்கள். மஸ்டர் ரோல் என்பது யார் எத்தனை நாள் வேலை செய்தார் என்ற வருகைப் பதிவேடு. "அதைக் காட்டுங்கள்" என்றால், "அரசு இரகசியம்" என்றார்கள். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியை உதறிவிட்டுக் கிராமத்தில் போய்த் தங்கிய அருணா ராய் என்ற பெண்மணியும் அவருடைய தோழர்களும், அங்குள்ள கூலியாட்களும் விவசாயிகளும் சேர்ந்து 1990இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1994 டிசம்பரில், கோட் கிரானா என்ற ஊரில், எப்படியோ கிடைத்த பதிவேடுகளை ஊர் நடுவில் வைத்து உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி, கட்டி முடிக்காத கட்டடத்துக்கு முழுப் பணம் என்று ஒவ்வொன்றாக வெளியில் வந்தது. படிப்பவருக்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. பெயரைப் படித்தார், அந்தப் பெயருக்கு உரியவர் கூட்டத்தில் எழுந்து, "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ரேஷன் கடையில் நடந்ததும் இதுதானே! கணக்கு, பொய் என்று சொல்லக்கூடிய மனிதரின் காதில் விழுந்தது.

1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்து, 'நம் பணம், நம் கணக்கு' என்று அவர்கள் எழுப்பிய குரல் நாடெங்கும் பரவியது. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. தகவல் பெறும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதன்முதலாக, 1997இல், சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. பெருமைதான். ஆனால் அதில் விலக்குகள் ஏராளம். தகவல் தர மறுத்தவருக்குத் தண்டனை இல்லை. பல் இல்லாத சீப்பு எனலாம். பல் முளைத்தது 2005இல். அந்த ஆண்டு அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்றது. தவறினால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அந்த அதிகாரியின் பொறுப்பில் அபராதம் என்றது. நம் மாநிலத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். எதற்காகக் கேட்கிறாய் என்ற காரணத்தைச் சொல்லத் தேவையில்லை.

அதே 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், நூறு நாள் வேலை என்று நம் வீடுகளில் சொல்லப்பட்டது, 2008 ஏப்ரலில் நம் விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. கிராம சபை முன் கணக்கை வைத்துச் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். எங்கள் அப்பத்தா அந்த வேலைக்குப் பல ஆண்டுகள் போனவள்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டதே, நடைமுறை எப்படி இருக்கிறது? நான் பிளஸ் டூ படித்த ஆண்டில், அக்டோபர் 2 அன்று எங்கள் ஊர்க் கிராம சபைக் கூட்டத்துக்கு முதன்முறையாகப் போனேன். ஆலமரத்தடியில் ஷாமியானா, பத்துப் பதினைந்து நாற்காலி, டீ. வரவு செலவு வாசிக்கப்பட்டது. வாசித்தவர் கல்யாண வீட்டில் மந்திரம் சொல்வதைப் போல ஒரே மூச்சில் ஓட்டினார். "கொஞ்சம் மெதுவா வாசிங்க தம்பி, நாங்க என்ன ரயிலுக்கா போறோம்?" என்றார் ஒரு பெரியவர். சிரிப்பு எழுந்தது. மெதுவாக வாசித்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. 'தெருவிளக்குப் பராமரிப்பு' என்று ஒரு தொகை. எந்தத் தெரு? எத்தனை விளக்கு? அது அந்தத் தாளில் இல்லை. ஒரு பெண் எழுந்து, "எங்க தெருவுல மூணு மாசமா எரியலையே" என்றாள். "அது வேற பண்டும்மா" என்று பதில் வந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். தொகையை மட்டும் சொன்னால் யாராலும் இல்லை என்று மறுக்க முடியாது. தெருவின் பெயரைச் சொல்லியிருந்தால் அந்தத் தெருவே சாட்சியாகியிருக்கும்.

கண்மாயிலும் இதே அனுபவம். சென்ற ஆண்டு நானும் நண்பர்கள் இருவரும் எங்கள் கண்மாயில் நடந்த தூர்வாரும் வேலை பற்றித் தகவல் கேட்டு ஒரு மனுப் போட்டோம். இருபத்தெட்டாவது நாள் பதில் வந்துவிட்டது. நாலு பக்கம். மதிப்பீடு, ஒப்பந்தத் தொகை, இத்தனை கன மீட்டர் மண் என்று எல்லாம் இருந்தன. ஒப்பந்தப்புள்ளிகளுக்கு நம் மாநிலத்தில் 1998ஆம் ஆண்டின் வெளிப்படைத் தன்மைச் சட்டம் ஒன்று இருக்கிறது. தாளைப் பார்த்தால் அந்த வகையிலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இத்தனை கன மீட்டர் என்பது மெய்யா என்று எப்படிப் பார்ப்பது? வேலைக்கு முன் கண்மாய் எவ்வளவு ஆழம் இருந்தது என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. நாலு பக்கத்தையும் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டில் சொன்னபோது அப்பத்தா கேட்டாள்: "நடுவுல திட்டு விடலையா?" அவள் காலத்தில் மண் வெட்டும்போது நடுநடுவே ஒரு சிறு திட்டை வெட்டாமல் விட்டுவைப்பார்களாம். கூலி அளப்பவர் வந்து அந்தத் திட்டின் உயரத்தைப் பார்த்து, எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறது என்று அளந்து கூலி போடுவார். அளந்து முடித்த பிறகே திட்டை எடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் அந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்துவிடலாம். நாங்கள் மூன்று பட்டதாரி மாணவர்கள் நாலு பக்கத்தில் தேடியது ஒரு மண்திட்டில் இருந்திருக்கிறது.

இப்போது எல்லாவற்றுக்கும் கணினி என்கிறோம். 1985இல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி, ஏழைக்கென்று செலவிடும் ஒரு ரூபாயில் 15 காசுதான் அவனைச் சேர்கிறது என்றார். அதற்கு விடையாகவே பின்னாளில் உதவித்தொகைகளை நேராக வங்கிக் கணக்கில் போடும் முறை வந்தது. அப்பத்தாவின் முதியோர் உதவித்தொகை வங்கியில் விழுகிறது. இடையில் யாருக்கும் 'காப்பிக் காசு' கொடுக்க வேண்டியதில்லை. இதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கண்மாய்க் கரையையும் தெருவிளக்கையும் யாருடைய வங்கிக் கணக்கிலும் போட முடியாது. அங்கே பழையபடி கண்தான் வேண்டும். ரேஷன் கடையிலும் 2020 முதல் விரல் ரேகை வைத்தால்தான் பொருள் என்றானது. இல்லாத ஆளுக்குப் பில் போடும் வழி இதனால் அடைபட்டது. கூடவே அப்பத்தாவின் வழியும் அடைபட்டது. அறுபது ஆண்டுகள் களையெடுத்தும் மண் சுமந்தும் தேய்ந்த விரல்களை இயந்திரத்துக்கு அடையாளம் தெரியவில்லை. துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "நான் உசுரோடதான இருக்கேன்?" என்று கேட்டாள். விற்பனையாளர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்தார். இந்த மனிதரைத்தான் அன்று நான் கள்ளன் என்று நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பின்னர் கருவிழிப் பதிவும் வந்தது.

எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. இந்த இயந்திரங்கள் யாவும் அப்பத்தாவை நோக்கியே திருப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. அவள் அவள்தானா என்று ஆயிரம் முறை சரிபார்க்கிறார்கள். கிடங்கின் தராசை அவள் சரிபார்க்க ஒரு வழியும் இல்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவை மாற்றியிருக்கிறது. தனிநபர் பற்றிய தகவல் என்று சொல்லி மறுக்கும் வாய்ப்பு அதனால் விரிந்திருக்கிறது. தனிமனிதரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் கோட் கிரானாவில் படிக்கப்பட்டதெல்லாம் பெயர்கள்தானே! பெயரை மறைத்துவிட்டு, 'நூற்று இருபது பேருக்குக் கூலி வழங்கப்பட்டது' என்று மட்டும் படித்திருந்தால் எந்த மனிதர் எழுந்து நின்றிருப்பார்?

இராஜபாளையத்தில் காந்தி கலை மன்றத்தைக் கடக்கும்போதெல்லாம் பி.எஸ். குமாரசாமி ராஜா நினைவுக்கு வருகிறார். 1949 முதல் 1952 வரை சென்னை இராஜதானியின், பின்னர் சென்னை மாநிலத்தின் ஆட்சித் தலைமையில் இருந்தவர் நம்மூர்க்காரர். தாம் குடியிருந்த வீட்டையே அந்த மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். 'அந்தக் காலத்து மனிதர்களைப் போல வருமா' என்று நம் பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். நானும் விடுகிறேன். ஆனால் நல்லவர் வரும்வரை தராசைப் பார்க்காமல் இருக்க முடியுமா? குமாரசாமி ராஜாவைப் போன்றவர்களுக்குக் கணக்குக் காட்டுவதில் ஒரு சிரமமும் இராது. விதி வேண்டியிருப்பது மற்றவர்களுக்காக.

அங்கிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனால், தூரத்திலேயே ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிகிறது. தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். (மதுரைக்காரர்கள் வேறு சொல்வார்கள்; அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.) எங்களுக்கு வந்த அந்த நாலு பக்கப் பதிலிலும் கோபுரம் இருந்தது, கீழே 'வாய்மையே வெல்லும்' என்றும் இருந்தது. மாவட்ட நீதிமன்றமும் இந்த ஊரில்தான். பிடிபட்டவர்கள் அங்கே வந்து நிற்கிறார்கள். பிடிபடாதவர்களுக்கு எங்கள் ஊர் ஆலமரத்தடி போதுமென்று எனக்குப் படுகிறது, தெருவின் பெயரையும் சேர்த்துப் படித்தால்.

வரும் மே 1ஆம் தேதி கிராம சபையில், தெருவிளக்குக் கணக்கைத் தெருவாரியாக எழுதி ஒட்ட வேண்டுமென்று ஒரு தீர்மானம் கொடுக்க நண்பர்களோடு பேசியிருக்கிறோம். எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று ஒரு வாரமாக இரவில் எண்ணி வருகிறோம். இதுவரை நாலு தெரு முடிந்திருக்கிறது, நாய்த் தொல்லையால் ஐந்தாவது தெரு நிற்கிறது. கண்மாயில் அடுத்த வேலை தொடங்கினால் முதல் நாளே அளவு நாடாவோடு போய்விடுவதென்றும் முடிவு செய்திருக்கிறோம். எந்தெந்த இடத்தில் திட்டு விட வேண்டும் என்று காட்ட அப்பத்தா வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நிழலுக்கு ஒரு குடை மட்டும் கொண்டுவரச் சொன்னாள்.